மிச்ச வார்னிஷை எதில் வைப்பது: டின்னா, கண்ணாடி பாட்டிலா, பையா, ஆர்கனா?

2025 பொங்கலுக்கு மறுநாள் அலமாரி மேலிருந்து காவடியைக் கீழே இறக்கினேன். அந்த வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 11. நான்கு வாரம்கூட இல்லை, அதற்குள் மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் வார்னிஷ் அடித்து, வாசனை போகும்வரை காயவிட்டு, அப்புறம்தான் மயிலிறகு கட்ட முடியும். முந்தின வருஷத் தைப்பூசத்துக்கு வாங்கிய ஒரு லிட்டர் எண்ணெய் வார்னிஷில் பாதி மிச்சம் இருந்தது, அது போதும் என்று நினைத்துத் திருப்புளியால் மூடியை நெம்பினேன். பாயசம் ஆறினால் மேலே ஆடை கட்டுமே, அதைப் போல ஒன்று, ஆனால் ரப்பர் கெட்டியில். விரலால் அழுத்தினால் குழிந்து மறுபடி எழும்பியது. கத்தியை விளிம்போரமாகச் சுற்றிவிட்டு ஆடையை உரித்து எடுத்தேன். தேன் மாதிரி ஓட வேண்டிய சரக்கு அல்வா பதத்தில் குச்சியோடு சேர்ந்து எழுந்து வந்தது. டர்பன்டைன் ஊற்றிக் கலக்கியும் கட்டி கட்டியாகத்தான் மிதந்ததே தவிரக் கரையவில்லை.

அதன் பிறகு இதைப் பற்றிக் கண்டவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். ஒருவர் டின்னைக் கவிழ்த்து வை என்கிறார், ஒருவர் கோலிக்குண்டு போடச் சொல்கிறார், இன்னொருவர் உள்ளே வாயால் ஊதிவிட்டு மூடு என்கிறார், ஃபிரிட்ஜில் வை என்றவரும் உண்டு. நேரில் செய்து பார்த்ததையும் ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இவர்களில் யாருமே என்ன சரக்கு என்று திருப்பிக் கேட்கவில்லை, அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மரத்துக்கு அடிக்கிற பூச்சு எல்லாம் ஒரே மாதிரி காய்வதில்லை. எண்ணெய் வார்னிஷ், எண்ணெய் கலந்த பாலியூரிதேன், டங் ஆயில், டேனிஷ் ஆயில், 'பாயில்ட்' என்று விற்கிற ஆளிவிதை எண்ணெய் இவையெல்லாம் காற்றிலிருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகின்றன. அந்த வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளையும் பெரும்பாலும் கம்பெனியிலேயே கலந்து விடுகிறார்கள். லாக்கர் அப்படியில்லை, அதைக் கரைத்து வைத்திருக்கிற தின்னர் ஆவியாகிப் போனால் காய்ந்தது, அவ்வளவுதான். அரக்கில் செய்கிற ஷெல்லாக்கும் ஆல்கஹால் ஆவியாகித்தான் காய்கிறது, ஆனால் அதற்குத் தனியாக ஒரு வியாதி உண்டு, பின்னால் சொல்கிறேன். தண்ணீர் வார்னிஷில் தண்ணீர் போகப் போகப் பிசின் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஹார்டனர் (இறுக வைக்கிற மருந்து) சேர்த்து அடிக்கிற இரண்டு டின் பி.யூ. (பாலியூரிதேன்) என்றால் அந்த ஹார்டனருக்கு எதிரி ஈரப்பதம். ஆக, ஒன்றுக்கு ஆக்சிஜன் ஆகாது, ஒன்றுக்கு ஆவி வெளியே போகக் கூடாது, ஒன்றுக்கு ஈரம் உள்ளே வரக் கூடாது. ஒரே வழியை எல்லாவற்றுக்கும் போட்டால் ஒன்றில் பணம் வீண், இன்னொன்றில் சரக்கு வீண்.

வீட்டில் அதிகமாகக் கெட்டுப்போவது எண்ணெய் வகைதான், அதனால் அதிலேயே கொஞ்சம் நேரம் நிற்கிறேன்.

பாதி காலியான ஒரு லிட்டர் டின்னில் அரை லிட்டர் காற்று இருக்கிறது. அதில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதாவது ஏறக்குறைய 105 மி.லி. எடை பார்த்தால் 0.14 கிராம்தான். காய்கிற எண்ணெய் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் என்று வைத்தால், இந்த 0.14 கிராம் ஆக்சிஜனால் இறுகக்கூடியது ஒரு கிராம் சொச்சம் எண்ணெய். டின் வாய் முழுக்கப் பரப்பினால் தாள் போல ஓர் ஆடை. அவ்வளவு நஷ்டம் யாருக்கும் தாங்கும். அப்படியானால் என் டின் ஏன் அடிவரைக்கும் அல்வா ஆனது?

டின் மூச்சு விட்டிருக்கிறது. நான் பினாங்கில் ஆயர் ஈத்தாமில் ஃபிளாட்டில் இருக்கிறேன், டின் இருந்த இடம் மேற்குப் பார்த்த பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. இரவில் 25 டிகிரி, பிற்பகலில் அந்தப் பெட்டிக்குள் 40 டிகிரி என்று வையுங்கள். காற்று சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 15 டிகிரி ஏறி இறங்கினால் அரை லிட்டர் காற்றில் 25 மி.லி. வெளியே போய், ராத்திரி அதே அளவு புதுக்காற்று உள்ளே வரும், மூடி சரியாக அமராமல் இருந்தால். ஒரு நாளைக்கு 25 மி.லி. ஒன்றுமில்லை. ஒரு வருஷத்துக்கு அது 9 லிட்டர். ஒரு தடவைகூடத் திறக்காமலேயே, முதலில் உள்ளே இருந்ததைப் போலப் பதினெட்டு மடங்கு காற்று டின்னுக்குள் வந்து போகிறது. ஆடை கட்டாமல் இருப்பதற்கென்று கம்பெனி சேர்க்கிற மருந்தும் (பெரும்பாலும் மெத்தில் எத்தில் கீட்டாக்சைம் என்ற பொருள்) சட்டென்று ஆவியாகிற வகைதான், டின் விடுகிற மூச்சோடு அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

இது விளங்கிய பிறகு ஒவ்வொரு யோசனையையும் எடை போடுவது சுலபமாகிவிட்டது.

வாங்கிய டின்னிலேயே வைப்பது. செலவில்லை, பெயரும் எச்சரிக்கையும் அதிலேயே அச்சடித்திருக்கும், வெளிச்சம் உள்ளே போகாது. முக்கால்வாசிக்கு மேல் சரக்கு இருந்து இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி எடுக்கப் போகிறீர்கள் என்றால் வேறு எதுவுமே தேவையில்லை, ஆனால் மூடி அமர வேண்டும். மூடி அமராததற்குக் காரணம் விளிம்பில் மூடி உட்கார்கிற பள்ளம், அதாவது காடி. பிரஷை அங்கே வழித்து வழித்துக் காடி முழுக்க வார்னிஷ் நிற்கும், அது காய்ந்து மேடாகிவிட்டால் மூடி எத்தனை அடி அடித்தாலும் உட்காராது. அதனால் டின்னிலிருந்து நேராக பிரஷால் எடுப்பதை விட்டுவிட்டேன். தேவையானதை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, காடியைத் துணியால் துடைத்துவிட்டு, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டி மூடுகிறேன். ரப்பர் சுத்தியல் இல்லையென்றால் மூடிமேல் ஒரு பலகைத் துண்டு வைத்து அதன்மேல் தட்டலாம். இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் மூடி நெளியும், நெளிந்த மூடி அன்றிலிருந்து மூச்சு விடும். எங்கள் ஊர் கடல்காற்றில் காடிதான் முதலில் துருப் பிடிக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவிழ்த்து வைப்பதில் பாதி நியாயம் இருக்கிறது. மூடியின் இடுக்கில் சரக்கே போய் அடைத்துக்கொள்வதால் காற்று வருவது குறையலாம். ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கிற காற்று அப்படியே இருக்கிறது, இப்போது அது டின்னின் அடிப்பக்கம் இருக்கிறது, ஆடை அங்கே கட்டும். நிமிர்த்தினால் அந்த ஆடை அடியில் கிடக்கும், கலக்கும்போது கிழிந்து துணுக்குத் துணுக்காக மேலே வரும். அப்புறம் மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் அலமாரி முழுக்க ஒட்டும். நான் செய்ய மாட்டேன்.

கோலிக்குண்டு யோசனை கேட்க அழகாக இருக்கும். சரக்கு மட்டம் விளிம்புவரை உயரும், காற்றுக்கு இடமே இருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 16 மி.மீ. கோலி ஒன்று அடைக்கிற இடம் 2 மி.லி. சொச்சம். 400 மி.லி. காற்றை விரட்ட இருநூறு கோலி வேண்டும். கொஞ்சம் எடுக்க எடுக்க இன்னும் போட வேண்டும், கடைசியில் இருநூறையும் டர்பன்டைனில் கழுவ வேண்டும். அதைவிட முக்கியம், சாட்டின், மேட் வகை வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கிற தூள் அடியில் படியும், கோலிகளுக்கு நடுவில் குச்சி விட்டு அதைக் கலக்கவே முடியாது. வீட்டில் கோலி சும்மா கிடந்து, சரக்கும் பளபளப்பு வகையாக இருந்தால் செய்யலாம்.

வாயால் ஊதி மூடுவது வேண்டாம். நாம் வெளியே விடுகிற மூச்சில் இன்னும் 16 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, அதோடு வாய் ஈரமும் உள்ளே போகும். அடுப்புக்கு வைத்திருக்கிற சின்ன கேஸ் கேனிலிருந்து வாயுவை அடித்து மூடுவதாக ஒருவர் சொன்னார், கேட்டதும் பதறிப்போனேன். அது தீப்பற்றுகிற வாயு, அடுத்த தடவை மூடியைத் திறக்கும்போது அறைக்குள் வரும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஆர்கன் வாயு பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். பிளாக்ஸிஜன் என்ற பெயரில் ஸ்பிரே கேனாகவே வெளிநாட்டில் விற்கிறது. ஆர்கன் எதனோடும் சேராது, காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம், அதனால் மெதுவாக விட்டால் காற்றைத் தள்ளிவிட்டுச் சரக்கின் மேல் அமரும். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் மேலே சொன்ன மூச்சுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். மூடி சரியில்லாத டின்னில் ஆர்கனை அடித்தால் தினமும் பிற்பகல் சூட்டில் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய் அந்த இடத்துக்குக் காற்று வந்துவிடும். நல்ல மூடி இருந்தால்தான் ஆர்கனால் பலன், நல்ல மூடியும் நிழலான இடமும் இருந்தால் ஆர்கன் இல்லாமலேயே பெரும்பகுதி காரியம் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மறுபடி அடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டறை வைத்திருந்து, வெல்டிங்குக்கு ஆர்கன் தோம்பு (சிலிண்டர்) பக்கத்திலேயே இருக்கிறவர்களுக்கு இது நல்ல வழி, குழாயைத் தாழ்வாக விட்டு நாலைந்து விநாடி மெல்ல விட்டால் போதும். வருஷத்துக்கு ஒரு டின் வாங்குகிற வீட்டுக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பை. வெளிநாட்டில் ஸ்டாப்லாஸ் பேக் என்று இதற்கென்றே பை விற்கிறார்கள், வாய் வைத்த அலுமினிய ஃபாயில் பைகள் இங்கே ஷோப்பி இணையக் கடையில் கிடைக்கின்றன. புனல் வைத்து ஊற்றி, சரக்கு வாய்வரைக்கும் ஏறும்வரை பையை அமுக்கி, மூடியைத் திருகினால் உள்ளே காற்றே இல்லை. எடுக்க எடுக்கப் பை சுருங்கும், மறுபடி அமுக்கி மூடலாம். இந்த ஒரு விஷயத்தில் பைக்கு ஈடே கிடையாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறவர்களுக்கு, உதாரணமாக மாதத்துக்கு ஒரு தட்டு, ஒரு கரண்டி என்று செய்து டேனிஷ் ஆயில் தடவி விற்கிறவர்களுக்கு, இதுதான் சரி. அடியில் படிந்த தூளையும் பையைப் பிசைந்தே கலந்துவிடலாம். குறை என்னவென்றால் ஃபாயில் இல்லாத வெறும் கண்ணாடிப் பிளாஸ்டிக் பை ஆக்சிஜனை மெதுவாக உள்ளே விடும், பார்த்து வாங்க வேண்டும். பையின் வாயில் சரக்கு காய்ந்துவிட்டால் திருகு இறுகிவிடும். நிற்க வைத்தால் சாயும், ஒரு டப்பாவில் அடுக்கி வைக்க வேண்டும். லாக்கரை இதில் ஊற்றவே கூடாது, தின்னர் உள் பிளாஸ்டிக்கையும் ஒட்டுத் தையலையும் தின்றுவிடலாம்.

நான் இப்போது செய்வது கண்ணாடி பாட்டில்தான், அதுவும் சின்ன சின்னதாக. நம் வீடுகளில் பரீட்சை சமயத்திலும் பிள்ளை பெற்ற வீட்டிலும் குடிக்கிற சிக்கன் எசன்ஸ் (கோழிச் சாறு) பாட்டில் அட்டை அட்டையாகச் சேருமே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 மி.லி., அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. என் காவடிக்கு ஒரு கோட்டுக்கு இரண்டு பாட்டில் ஆகிறது. ஒன்றைத் திறந்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும், பாதி பாட்டில் என்ற பேச்சே வராது, மற்ற பாட்டில்கள் திறக்காத டின் மாதிரி அப்படியே இருக்கும். பெரிய வேலைக்குக் காயா (தேங்காய்ப்பால் ஜாம்), பழ ஜாம் பாட்டில்.

ஊற்றுவதில் சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை விட்டால் பலன் பாதிதான். முதலில் டின்னை அடியிலிருந்து நன்றாகக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது, குலுக்கினால் குமிழி. கலக்காமல் ஊற்றினால் முதல் பாட்டிலில் பளபளப்பு வார்னிஷும் கடைசி பாட்டிலில் வெள்ளைத் தூள் குழம்பும் இருக்கும். பழைய நைலான் காலுறை ஒன்றைப் புனலில் போட்டு வடிகட்டி ஊற்றுகிறேன். விளிம்புவரை நிரப்பக் கூடாது, சூட்டில் சரக்கும் விரியும், அரை லிட்டருக்கு 10 டிகிரியில் 5 மி.லி. அளவுக்கு, அதனால் சின்ன பாட்டிலென்றால் அரை செ.மீ., பெரியதென்றால் ஒரு செ.மீ. விட்டு நிறுத்துகிறேன். மூடிக்குள் இருக்கிற ரப்பர் மாதிரியான வளையம் டர்பன்டைன் ஆவியில் ஊதி மெத்தென்று ஆகிவிடும், அதனால் ஒரு துண்டு அலுமினியத் தாளை வாயில் வைத்து மேலே மூடியைத் திருகுகிறேன். கழுத்துத் திருகில் ஒட்டியிருக்கிற வார்னிஷைத் துடைத்துவிட்டு லேசாக வாஸ்லின் தடவினால் அடுத்த வருஷம் மூடி மறுக்காமல் திறக்கும்.

துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது சூடு உண்டாகும், சுருண்டு கிடக்கிற துணியில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும், ஆளிவிதை எண்ணெயில் இது ரொம்பவே அபாயம். துணியைத் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள இரும்பு டின்னில் போடுங்கள், அல்லது வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிக்கன் எசன்ஸும் வார்னிஷும் பாட்டிலுக்குள் ஒரே பழுப்பு நிறம். வீட்டில் பெரியவர்கள் பாசத்தோடு எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பழைய லேபிளை முழுக்க உரித்துவிட்டு, சரக்கின் பெயர், டின் திறந்த மாதம், பாட்டிலில் ஊற்றிய தேதி மூன்றையும் எழுதி ஒட்டி, மூடிமேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, பூட்டுகிற அலமாரியில் வைக்கிறேன். சமையலறைப் பக்கமே கொண்டுபோவதில்லை. சின்ன பிள்ளைகள் ஓடுகிற வீடு என்றால் நான் பாட்டிலைச் சொல்ல மாட்டேன், ஃபாயில் பைக்குப் போய்விடுங்கள், அதை யாரும் குடிக்கிற பொருளாக நினைக்க மாட்டார்கள்.

பாட்டில், பை எதுவும் கைக்கு வராத அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. டின்னில் இருக்கிற வார்னிஷின் மேல் மெல்லிசாக டர்பன்டைனை ஊற்றி, கலக்காமல், மூடிவிடுவது. அது மேலே ஒரு போர்வை மாதிரி நிற்கும், அடுத்த தடவை கலக்கினால் சேர்ந்துவிடும். ஒரு மாதம், இரண்டு மாதத்துக்குப் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் செய்தால் சரக்கு தண்ணியாகிவிடும்.

ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். குளிரில் வேதிவினை மெதுவாகும் என்பது உண்மைதான், ஆனால் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் விளக்கு சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் பொறி விடக்கூடியவை, மூடிய பெட்டிக்குள் தின்னர் ஆவி சேர்ந்தால் ஒரு பொறி போதும். சாப்பாட்டிலும் வாடை ஏறும்.

இனி மற்ற வகைகள். லாக்கருக்கு இவ்வளவு பாடு இல்லை. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் நாற்காலி மேசை செய்கிற பட்டறை வைத்திருக்கிற என் மைத்துனன் இதைக் கேட்டுவிட்டு, "மச்சான், லாக்கர் கெட்டியானா தின்னர ஊத்திக் கலக்கு, திரும்பி வந்துரும், அதுக்கு எதுக்கு கேஸும் பையும்?" என்றான். அவன் சொல்வது சரி. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு ஆக்சிஜன் ஒரு பொருட்டே இல்லை. ஆவி வெளியே போகாமல் டின் மூடியை இறுக்கினால் போதும். இதில் கவலை வேறு: அதன் ஆவி ஒரு பொறி பட்டாலே அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். சாமி விளக்கு எரிகிற அறை, எரிவாயுத் தோம்பு இருக்கிற மூலை, தண்ணீர் மோட்டார் ஓடுகிற இடம் எதற்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் லாக்கரை மிச்சம் வைக்காமல் அளவாக வாங்கினால் நல்லது.

தண்ணீர் வார்னிஷுக்கும் ஆர்கன் வீண். அதற்கு மூன்று எதிரி, தண்ணீர் ஆவியாவது, துரு, கிருமி. இரும்பு டின்னின் காடியில் துருப் பிடித்து உள்ளே ஒரு துணுக்கு விழுந்தால் வெளிர் நிறமான ரப்பர் மரத்தில் பழுப்புக் கறையாகத் தெரியும். அதனால் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் மாற்றி, பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். கிண்ணத்தில் மிஞ்சியதை மறுபடி பாட்டிலில் ஊற்றாதீர்கள், பிரஷில் இருக்கிற அழுக்கு முழுவதையும் கெடுக்கும், சில வாரத்தில் புளித்த வாடை வரும்.

ஷெல்லாக் அரக்கிலிருந்து வருவது, ஆல்கஹாலில் கரைத்த நாளிலிருந்து அதற்கு வயது ஏற ஆரம்பிக்கும். எந்தப் பாட்டிலில் எப்படி மூடி வைத்தாலும் அரக்கிலிருக்கிற அமிலங்கள் ஆல்கஹாலோடு மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே இருக்கும், சூட்டில் இன்னும் வேகமாக. ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருஷம். அதற்குப் பிறகு அடித்தால் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். இதற்குச் சேமிக்கும் வழியைத் தேடுவதைவிட, செதிலாக வாங்கி வைத்துக்கொண்டு வேண்டும்போது வேண்டிய அளவு கரைப்பதுதான் வழி. செதிலும் நம் ஊர் வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். செதிலை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கலாம், அதில் ஆவி இல்லை, ஆனால் வெளியே எடுத்தால் டப்பா அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் செதில்மேல் ஈரம் படியும். கரைத்ததைக் கண்ணாடியில் வையுங்கள், இரும்பில் வைத்தால் கறுக்கும்.

ஹார்டனர் போடுகிற பி.யூ.வில் கலந்ததை வைக்கவே முடியாது, சில மணி நேரத்தில் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். திறந்த ஹார்டனர் டின்னும் இங்கே நீடிக்காது. அதில் இருக்கிற ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விடும், பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இரவு ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போவது சாதாரணம். மைத்துனன் பட்டறையில் ஹார்டனரை ஊற்றிய கையோடு விளிம்பைத் துடைத்து மூடிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆர்கன் உண்மையிலேயே விலைக்குப் பெறுமானது இங்கேதான், ஏனென்றால் அது காய்ந்த வாயு. டின் உப்பியிருந்தால், உள்ளே வெள்ளையாகக் கலங்கியிருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள், முகத்துக்கு நேராகத் திறக்கவும் வேண்டாம்.

அளவாக வாங்குவதும் ஒரு வழிதானே என்று கேட்கலாம். ஒரு லிட்டர் 60 வெள்ளி (ரிங்கிட்), கால் லிட்டர் 22 வெள்ளி என்று வையுங்கள். மி.லி. கணக்கில் பெரிய டின் மலிவு. ஆனால் வருஷத்துக்கு 300 மி.லி. தான் உங்களுக்கு ஆகும், மிச்சம் கெட்டுப்போகும் என்றால் இரண்டு கால் லிட்டர் டின் 44 வெள்ளியோடு முடிந்துவிடும். பெரிய டின்னை வாங்கிய அன்றைக்கே, முதல் கோட் அடிப்பதற்கு முன்னாலேயே, பாட்டிலில் பிரித்துவிடுகிறவருக்கு மட்டும் பெரிய டின் லாபம். மிஞ்சியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால் அதற்குள் ஆக்சிஜன் பாதி வேலையை முடித்திருக்கும். தொடங்கிய வினை பாட்டிலுக்குள் போனாலும் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும்.

எதில் வைத்தாலும் இடம் பால்கனி வேண்டாம், தகரக் கூரைக்குக் கீழே கார் நிறுத்துகிற இடமும் வேண்டாம். தரைவீட்டில் மாடிப்படிக்கு அடியில், ஃபிளாட்டில் வெயில் படாத உள்சுவர் ஓரமாக, தரைக்குப் பக்கத்தில். கண்ணாடி பாட்டிலுக்கு வெளிச்சமும் ஆகாது. என் பாட்டில்கள் இப்போது படுக்கையறைக்கு வெளியே நடைபாதை அலமாரியின் கீழ்த்தட்டில், பூட்டு போட்டு இருக்கின்றன. அங்கே பகலுக்கும் இரவுக்கும் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை.

பழைய பாட்டிலைத் திறக்கும்போது மேலே மெல்லிய ஆடை மட்டும் இருந்தால் அதைக் கிழிக்காமல் சுற்றி வெட்டி எடுத்து, மீதியை வடிகட்டிக்கொள்ளலாம். உள்ளேயே நூல் நூலாக இழுத்தால் விட்டுவிடுங்கள், தின்னர் அதைத் திருப்பிக் கொண்டுவராது. அதைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், பழைய தாளில் பரப்பிக் கட்டியாகும்வரை வெளியே வைத்துவிட்டு எறியலாம். பார்க்க நன்றாக இருந்தாலும் நேராகக் காவடியில் அடிப்பதில்லை. ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு தடவி வைத்துவிட்டு, லேபிளில் போட்டிருக்கிற நேரம் கழிந்ததும், பொதுவாக மறுநாள் காலையில், நகத்தால் கீறிப் பார்க்கிறேன். தடம் விழுந்தால் அந்த பாட்டில் பால்கனி ஸ்டூலுக்குப் போகிறது, காவடிக்கு அடுத்த பாட்டில்.